தரங்கம்பாடிக்குப் பிந்தி வந்த தண்டவாளம்

தரங்கம்பாடி என்றதும் இங்கே டென்மார்க்கில் பேச்சு 1620க்கும் டான்ஸ்போர்க் கோட்டைக்கும் போய்விடும். தஞ்சை இரகுநாத நாயக்கர், ஓவ கியெத்தவின் கப்பல்கள், மிளகு. எனக்கோ டேனியர் போனபின் நடந்த புகையிரதக் கதையில்தான் ஆர்வம். (தஞ்சாவூர்க்காரர் ரயில் என்பார்கள். யாழ்ப்பாணத்துக் கைக்குப் புகையிரதம் என்றுதான் எழுத வருகிறது.)

நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி. நாற்பது கிலோமீற்றருக்குள் மூன்று துறைமுகங்கள், மூன்று கொடிகள்: ஆங்கிலேயர், 1739 முதல் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர். மூவருக்கும் பின்னால் இருந்தது ஒரே காவிரி நிலம், ஒரே நெல்.

1845இல் எட்டாம் கிறிஸ்டியான் மன்னர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்குக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு விற்றார். 1847இல் கோபன்ஹேகன் - ரொஸ்கில்ட புகையிரதப் பாதையைத் திறந்து வைத்ததும் அதே மன்னர்தான். ஹ்விடோவ்ரே நிலையத்தில் நாங்கள் ஏறி இறங்குவது அந்த வழித்தடத்தின் வாரிசில். நகரை ஒட்டிய பகுதி மட்டும் பின்னாளில் இடம் மாறியது.

இன்னும் பதினைந்து ஆண்டு பொறுத்திருந்தால் டேனியருக்கும் அந்தக் கரையில் பாதை போடும் ஆசை வந்திருக்கலாம். வந்திருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்பதே என் எண்ணம். 1861இல் கிரேட் சதர்ன் ஒஃப் இந்தியா கம்பனி நாகப்பட்டினத்திலிருந்து அகலப்பாதை போடத் தொடங்கி, அடுத்த ஆண்டு திருச்சியை எட்டிவிட்டது. பட்டறையும் நாகப்பட்டினத்தில். 1874இல் அந்தக் கம்பனி கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. அகலப்பாதை மீற்றர் பாதையாகச் சுருங்கியது. மலாயாத் தோட்டங்களுக்குப் போன எத்தனையோ பேர் அந்தப் பெட்டிகளில் வந்துதான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். இதை வாசிக்கும் மலேசியக் குடும்பங்கள் சிலவற்றின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

பிரெஞ்சுக்காரர் சும்மா இருக்கவில்லை. 1898இல் காரைக்காலிலிருந்து பேரளத்துக்கு ஏறத்தாழ 23 கிலோமீற்றர் பாதை திறந்தது. பணம் பிரெஞ்சு அரசுடையது. வண்டியை ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே. பேரளம் ஆங்கிலேய மண். காரைக்காலிலிருந்து வண்டியேறும் மூட்டை ஒவ்வொன்றும் போட்டியாளன் வாசலைத் தாண்டித்தான் உள்நாட்டுக்குப் போகவேண்டும். இதைப் போட்டி என்று சொல்வதா, வாடகை என்று சொல்வதா?

கனடாவில் எட்மன்டனுக்கு மேற்கே இரண்டு கம்பனிகள் அருகருகே பாதை போட்டன. 1917இல் மிஞ்சிய தண்டவாளங்களைப் பிடுங்கிப் போருக்கு அனுப்பினார்கள். காவிரிக் கரையில் அப்படியில்லை. கொடிகள் போட்டியிட்டன, கம்பனி ஒன்றுதான்.

தரங்கம்பாடியின் முறை 1926இல் வந்தது. மாயவரத்திலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாக ஒரு கிளைப்பாதை. துறைமுகத்தில் அப்போது கப்பல் இல்லை. வீதியில் பேருந்து வரத் தொடங்கியிருந்த காலம். நாகப்பட்டினத்துப் பட்டறையே திருச்சிப் பொன்மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் சிறை சென்றார். வென்ற துறைமுகத்தின் நிலைமை அது.

1986இல் தரங்கம்பாடிப் பாதை மூடப்பட்டது. அதே பத்தாண்டில் பேரளம் - காரைக்கால் பாதையும் நின்றது. 1990இல் யாழ்தேவி நின்று, சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிக் கூரையானதைக் கண்ட எங்களுக்கு, தண்டவாளம் போன ஊர் எப்படியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. காங்கேசன்துறைக்கு வண்டி திரும்ப 2015 ஆயிற்று. அங்கே காரணம் போர். தரங்கம்பாடியில் கணக்குப் புத்தகம். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது; அதற்கு எதிராக எவரும் ஆயுதம் தூக்குவதில்லை, மனுத்தான் கொடுக்கிறார்கள்.

காரைக்காலுக்கு மட்டும் காலம் திரும்பியது. 2009இல் அங்கே புதிய துறைமுகம் வந்தது, அதன் பெருஞ்சரக்கு நிலக்கரி. 2011இல் நாகூரிலிருந்து அகலப்பாதை வந்தது. பேரளம் பாதையிலும் மறுபடி தண்டவாளம் போட்டாயிற்று. நெல்லும் பிரெஞ்சு அரசும் செய்யாததை நிலக்கரி செய்தது.

மயிலாடுதுறை - தரங்கம்பாடிப் பாதையைத் திரும்பக் கேட்டு அப்பகுதி மக்கள் இன்னமும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டென்மார்க்கிலிருந்து கோட்டை பார்க்கப் போகும் எங்கள் பிள்ளைகள் மயிலாடுதுறைச் சந்தியில் இறங்கி, பொறையாறு போகும் பேருந்துக்கு நிற்கிறார்கள்.