பருத்திக் காட்டில் அளவுநாடா

அலபாமா என்ற பெயர் தமிழ் வாசகர்க்கு இரண்டு வழிகளில் அறிமுகமாகியிருக்கக்கூடும். ஒன்று, 1955-இல் மாண்ட்கமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ். மற்றொன்று, ஹார்ப்பர் லீயின் நாவல். கட்டடக்கலை ஆய்வோடு அம்மாநிலத்தைச் சேர்த்து நினைக்க நமக்குத் தோன்றுவதில்லை. பருத்தி விளைந்த கரிசலும் பைன் காடும் சிதறிய சிற்றூர்களுமாகக் கிடக்கும் பூமி அது. ஆயினும், நாட்டுப்புறத்து ஏழைகளின் கட்டடத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கு யார் பணம் தருவார், தருபவர் பதிலுக்கு என்ன கேட்பார் என்ற வினாவை அலபாமா இருபதாம் நூற்றாண்டில் மூன்று முறை எதிர்கொண்டது. மூன்று முறையும் விடை வெவ்வேறாக இருந்தது.

முதலாவது 1912-இல். சியர்ஸ் ரோபக் என்னும் அஞ்சல்வழி வணிக நிறுவனத்தின் தலைவரான ஜூலியஸ் ரோசன்வால்ட் தம் ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி, புக்கர் வாஷிங்டன் நடத்திவந்த டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு 25,000 டாலர் வழங்கினார். அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஆறு கிராமப் பள்ளிகள் கட்டிப்பார்க்க அனுமதி வேண்டினார் வாஷிங்டன். அவற்றுள் ஒன்று லீ மாவட்டத்து லோச்சபோக்காவில் 1913-இல் எழுந்தது. ஆயிரம் டாலருக்கும் குறைவாகவே செலவு. அதில் ரோசன்வால்ட் தந்தது 300 டாலர். எஞ்சியதை ஊரார் பணமாகவும் உடலுழைப்பாகவும் இட்டு நிரப்பினர்.

இதை வெறும் கொடைக் கதையாக வாசித்துக் கடந்துவிட முடியாது. டஸ்கீகியில் ராபர்ட் டெய்லர் என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். 1892-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்றவர். அங்குப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவராக அறியப்படுபவர். கிராமப் பள்ளிக்கான அவருடைய வரைபடங்களுடன் டஸ்கீகி 1915-இல் ஒரு நூல் வெளியிட்டது. மின்சாரம் இல்லாத ஊரில் வகுப்பறைக்கு வெளிச்சம் எப்படி வரும்? இதுதான் அந்த வடிவமைப்பின் மையக் கேள்வி. பிற்பாடு ரோசன்வால்ட் நிதியம் இலவசமாக வழங்கிய வரைபடங்களிலும் இக்கேள்வி தொடர்ந்தது. உயரமான சாளரங்கள் வரிசையாகக் கிழக்கையோ மேற்கையோ நோக்கியிருக்க வேண்டும். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதபடி மாணவனின் இடப்புறமாக ஒளி வர வேண்டும். நிலத்தின் வாகு எப்படியிருந்தாலும் இதை விட்டுக்கொடுக்கலாகாது. வெள்ளையர் பள்ளிகள் சிலவும் அதே வரைபடங்களைப் பார்த்தே கட்டப்பட்டன. 1932-இல் திட்டம் முடிந்தபோது, தென்னக மாநிலங்கள் 15-இல் 4,977 பள்ளிகள் எழுந்திருந்தன.

கணக்கேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். நிதியம் ஏறத்தாழ 43 இலட்சம் டாலர் தந்தது. கறுப்பின மக்கள் தாமே திரட்டியது ஏறத்தாழ 47 இலட்சம். ஏற்கெனவே வரி கட்டியவர்கள், அந்த வரி தம் பிள்ளைகளின் பள்ளிக்கு வந்துசேராததால், இரண்டாம் முறை கொடுத்தார்கள். நீங்களும் போட்டால்தான் நாங்களும் போடுவோம் என்பது நல்கையின் நிபந்தனை. ஊரை ஒன்றுதிரட்டியதும் அந்த நிபந்தனைதான்; வறியவரின் மடியில் மீண்டும் கைவைத்ததும் அதுதான். பள்ளிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முதலாவதை விரிவாகச் சொல்லி இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள் என்பது நம் எண்ணம்.

இரண்டாவது விடை அரசாங்கத்திடமிருந்து வந்தது. பெருமந்தம் கட்டடக் கலைஞர்களையும் வீதிக்குக் கொண்டுவந்திருந்த 1933 நவம்பரில், தேசியப் பூங்காத் துறையில் பணியாற்றிய சார்லஸ் பீட்டர்சன் ஒரு குறிப்பு எழுதினார். வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆயிரம் பேரைப் பத்து வாரத்துக்கு அமர்த்தி, நாட்டின் பழைய கட்டடங்களை அளந்து வரையச் செய்யலாம் என்பது அதன் சாரம். சில வாரங்களிலேயே ஒப்புதல் கிடைத்தது. இப்படிப் பிறந்ததே அமெரிக்க வரலாற்றுக் கட்டட ஆவணத் திட்டம். அலபாமாவில் இப்பணியை முன்னின்று நடத்தியவர், இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் என வழங்கும் கல்லூரியின் பேராசிரியர் வால்டர் பர்க்ஹார்ட்.

களஞ்சியம், ஆலை, கொட்டில் என்று எளிய கட்டடங்களுக்கும் பீட்டர்சனின் குறிப்பில் இடம் இருந்தது. அளவுநாடாவோ தூண் வைத்த மாளிகைகளின் பக்கமே அதிகம் நீண்டது. டெமாபொலிசின் கெய்ன்ஸ்வுட், கிரீன்ஸ்பரோவின் மக்னோலியா குரோவ் போன்ற பண்ணையார் வீடுகள் ஆவணத்தில் ஏறின. அடிமைகளின் குடில்கள் சில படமெடுக்கப்பட்டன; ஆனால் பெரிய வீட்டின் பின்கட்டாகவே அவை பதிவாயின. 1860-க்கு முந்தியவற்றுக்கே முதலிடம் என்பதால், இருபது வயதுகூட நிரம்பாத ரோசன்வால்ட் பள்ளிகள் அந்தக் கண்ணில் படவில்லை. அவை அழிவின் விளிம்பில் உள்ளவை என்று தேசிய அளவில் பட்டியலிடப்பட 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலக்கிய வாசகர்க்கு இங்கே ஒரு கிளைக்கதை உண்டு. 1936 கோடையில், மக்னோலியா குரோவ் இருக்கும் அதே ஹேல் மாவட்டத்துக்கு ‘ஃபார்ச்சூன்’ இதழுக்காக ஜேம்ஸ் ஏஜியும் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸும் வந்தார்கள். வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட மூன்று வெள்ளையர் குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். இதழ் அதை வெளியிடவில்லை. 1941-இல் நூலாக வந்து, சில நூறு படிகளே விற்று, 1960-இன் மறுபதிப்புக்குப் பிறகே புகழ் பெற்றது. ஏஜி அந்த வீடுகளின் பலகையை, இடுக்கை, நாற்றத்தை, இழுப்பறைக்குள் கிடந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அரசு பணம் கொடுத்து அளக்காத வீட்டை ஓர் எழுத்தாளர் சொற்களால் அளந்துவைத்தார் என்றே நாம் அந்நூலை வாசிக்கிறோம்.

மூன்றாவது கட்டம் அதே ஹேல் மாவட்டத்தில்தான். 1993-இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் ‘ரூரல் ஸ்டூடியோ’வைத் தொடங்கினர். மாணவர்கள் ஊரில் தங்கி, அங்குள்ள ஒருவருக்கு மெய்யாகவே வீடு கட்ட வேண்டும். மாநிலத்து மின்நிறுவனத்தின் அறக்கட்டளை தந்த 2,50,000 டாலர் தொடக்க முதலாயிற்று. மேசன்ஸ் பெண்ட் என்ற ஒதுக்குப்புறத்தில் 1994-இல் எழுந்த முதல் வீட்டின் சுவர் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பூசியது. பக்கத்தில் இறைச்சிக்குப் புகையூட்டும் சிறு குடில். உடைந்த கான்கிரீட் துண்டுகளால் ஆன அதற்குச் செலவு 140 டாலர் என்கிறார்கள். 2000-இல் கட்டிய ஊர்ப்பொதுக்கூடத்துக்குப் பழைய செவ்ரலே கார்களின் முன்கண்ணாடிகளே கூரையாயின. அதே ஆண்டு மாக்பீக்கு மெக்கார்தர் நல்கை கிடைத்தது. 2001 டிசம்பரில் அவர் மறைந்தார்.

படங்களில் அழகு. ஆனால் ஒவ்வொரு வீடும் ஒற்றை. மற்றொருவர் பார்த்துக் கட்ட முடியாது, பழுது வந்தால் உள்ளூர்த் தச்சருக்குக் கைவராது. மாக்பீயை அடுத்துப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஃப்ரியர் கேள்வியை மாற்றினார். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் மாதந்தோறும் எவ்வளவு கடன் கட்ட முடியும்? அதற்கேற்ற வீட்டின் விலை 20,000 டாலர் என்று கணக்கிட்டு 2005-இல் புதிய திட்டம் தொடங்கியது. ஆண்டுதோறும் மாணவர்கள் வடிவத்தைத் திருத்தினார்கள். நமக்கு இந்த இரண்டாம் பருவமே அதிகம் பிடிக்கிறது. நிழற்படத்தில் இது சாதாரண வீடாகத்தான் தெரியும். வீடு கிடைத்துவிட்டது, தடை வேறிடத்தில் இருந்தது. இவ்வளவு சிறிய வீட்டுக்கடனால் வங்கிக்கு இலாபமில்லை. கட்டட விதிகளும் சிறுவீட்டை எண்ணி எழுதப்பட்டவை அல்ல. ஆகவே ஆய்வு கூரையையும் சுவரையும் விட்டுக் கடன், காப்பீடு, மின்கட்டணம் என்று நகர்ந்தது.

அடுத்து மண். பருத்தியை விளைவித்த அந்தக் களிமண் நீரை உறிஞ்சாது. வழக்கமான செப்டிக் டேங்க் அங்கே வேலை செய்யாது. கழிவுநீர் முற்றத்திலேயே தேங்கும் வீடுகள் கரிசல் பட்டியெங்கும் உண்டு. தென்கிழக்கே உள்ள லவுண்ட்ஸ் மாவட்டத்தில் இதைச் சீர்செய்ய மாநிலச் சுகாதாரத் துறையோடு ஒன்றிய நீதித்துறை 2023-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. 2025 ஏப்ரலில், ஆட்சி மாறிய பின், அதே நீதித்துறை அதை முடித்துக்கொண்டது.