கப்பலா, உண்கலமா?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழன்பர்களுக்கு ஆரியசாலை புதிய பெயரன்று. அதனை அடுத்துள்ளது வலியசாலை. அங்குள்ள சிவன் கோயிலைக் காந்தளூர்க் கோயில் என்றே வழங்குகின்றனர். கடைச்சரக்கு வாங்கப் போகும் நம்மவர் நாள்தோறும் சொல்லும் இந்தச் 'சாலை', நூறாண்டுக்கு மேலாக வரலாற்றாசிரியர்களின் உறக்கத்தைக் கெடுத்து வருகிறது.

985-ஆம் ஆண்டு அரியணையேறிய முதலாம் இராஜராஜ சோழன் காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்தான்' என்று அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகிறது. அறிஞர்க்கு வந்த இடர் இதுதான்: தமிழில் கப்பலும் கலம்; உண்ணும் தட்டும் கலம்; அணியும் நகையும் கலம்; எழுதிய ஆவணமும் கலம்! சாலையோ பெருவழியாகலாம், அறச்சாலையாகலாம், கல்விச்சாலையும் ஆகலாம்.

எனவே ஒரு சாரார் சேரனுடைய கப்பல்களை அழித்தனர். மற்றொரு சாரார் சாலையில் உண்போரின் தட்டுகளைப் பறித்தனர். வேறு சிலர், அறுத்தல் என்பது வரையறுத்தலே என்று இரக்கங்காட்டி, தட்டுகளின் தொகையை மட்டும் வரையறுத்தனர். கப்பற் கட்சியார்க்கு ஓர் இடையூறு: வலியசாலையில் கடல் இல்லை. ஆதலால் காந்தளூரை விழிஞம் துறைமுகத்தின் பக்கமாக நகர்த்தியோரும் உண்டு. தட்டுக் கட்சியார்க்கும் ஓர் இடையூறு: சாப்பாட்டை நிறுத்தியதையா ஒரு பேரரசன் தன் வெற்றிகளின் முன்வரிசையில் பொறிப்பான்? போதாக்குறைக்கு, முதலாம் இராஜாதிராஜனும் முதற் குலோத்துங்கனும் பின்னாளில் தாமும் கலம் அறுத்ததாகக் கூறிக்கொண்டனர். அறுக்க அறுக்கக் குறையாத கலம் போலும்!

'மருமக்கள்வழி மான்மியம்' பாடி நாஞ்சில் நாட்டைச் சிரிக்க வைத்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் (1876–1954) இவ்வழக்கில் இறங்கி, காந்தளூர்ச் சாலை பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார்.

நகை ஒருபுறமிருக்க, இவ்வாதம் வீண்போகவில்லை. சாலை என்பது யாது என்று தேடியவர்க்குப் பார்த்திவசேகரபுரச் செப்பேடு கைகொடுத்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள அவ்வூரில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் கோயிலுடன் ஒரு சாலையும் நிறுவி, 95 சட்டர்க்கு இடமளித்தான். சட்டர் என்போர் அங்குத் தங்கி வேதம் பயின்றோர். அச்சாலையின் ஒழுங்குக்கு முன்மாதிரியாகச் சொல்லப்பட்டதோ காந்தளூர். ஒருவரையொருவர் வைதால் தண்டம். அவைக்கு ஆயுதத்துடன் வரலாகாது. விதி எழுதியவர்கள் மாணாக்கரை நன்கு அறிந்தவர்களே! கலம் என்பதற்குப் படைக்கலம் என்ற பொருளும் உண்டே என்று இங்கு நமக்கு எண்ணத் தோன்றுகிறது.

கலம் கப்பலாயின், சேரனின் கடல் வலிமை உடைந்த நாளைப் பற்றிய குறிப்பு அது. தட்டாயின், புகழ்பெற்ற ஒரு கல்விக்கூடத்தின் அடுப்பு அணைந்த நாளைப் பற்றியது. ஒரு சொல்லுக்குப் பொருள் மாறினால் ஒரு நாட்டின் கதையே மாறிவிடுகிறது. அறிஞர்கள் சளைக்காமல் மல்லாடியது அதற்காகவே. பிற மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழெழுத்தைக் கற்பிக்கும்போது, கலம் என்ற சொல்லோடு இவ்வழக்கையும் சொல்லி வைக்கலாம். தீர்ப்பு இன்னும் ஆகவில்லை. சாட்சி சொல்லத் தமிழறிந்தோர் வேண்டும்.