குடும்பக் கடிதங்களும் வரலாற்றாய்வும்

வரலாறு அரசர்தம் பட்டயங்களாலும் ஆட்சியாளர்தம் அறிக்கைகளாலும் மட்டும் ஆக்கப்படுவதன்று. பட்டயம் பின்வருவோரை மனத்திற்கொண்டு பொறிக்கப்படுகின்றது. குடும்பக் கடிதமோ பெரும்பாலும் பெறுவார் ஒருவரை மட்டுமே எண்ணி எழுதப்படுகின்றது. அதனாலேயே அது வரலாற்று மாணவனுக்குத் தனிப்பயன் தருகின்றது. பழங்கடிதங்களை எண்ணிமப்படுத்தும் முயற்சிகள் பெருகிவரும் இந்நாளில், அம்முயற்சியின் பயனையும் எல்லையையும் நோக்குதல் பொருத்தமாகும். இங்கிலாந்தின் பாஸ்ரன் குடும்பக் கடிதங்கள் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

நோர்போக் பகுதியைச் சேர்ந்த இக்குடும்பத்தினர் 15ஆம் நூற்றாண்டில் எழுதியும் பெற்றும் பேணிய கடிதங்களும் ஆவணங்களும் ஏறத்தாழ ஆயிரமாகும். 1448இல் மார்கரெற் பாஸ்ரன் தம் கணவருக்கு விடுத்த கடிதமொன்றில், பகைவரிடமிருந்து வீட்டைக் காக்கக் குறுக்குவில்களை வேண்டுகின்றார். அதே கடிதத்தில் வாதுமைப் பருப்பும் சீனியும் வாங்கியனுப்புமாறும் கேட்கின்றார். மைய அதிகாரம் தளர்ந்திருந்த காலத்தில் நிலவுடைமைக் குடும்பமொன்று எவ்வாறு வாழ்ந்தது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் அரச ஆவணத்தைக் காண்டல் அரிது.

மார்கரெற்றின் பெயரால் நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் எஞ்சியுள்ளன. அவை அவர் சொல்லப் பிறர் எழுதியவை. எனவே அவற்றின் சொற்களுள் அவருடையன எவை, எழுதியவருடையன எவை என்னும் வினா எழுகின்றது. இதற்கு விடைகாணக் கையெழுத்துக்களை ஒப்பிடல் வேண்டும். அச்சுப் பதிப்பில் மறைந்துவிடும் எழுத்துவடிவம் எண்ணிமப் படிமத்தில் நிலைக்கின்றது. மடிப்பும், முத்திரையின் தடமும், புறத்தே எழுதிய முகவரியும் அவ்வாறே. ஆதலின் கடிதத்தின் வாசகத்தை மட்டும் பெயர்த்தெழுதுதல் நிறைவான பணியாகாது.

எனினும் படி மூலத்துக்கு ஈடாகாது. ஜோன் பென் 1787இல் இக்கடிதங்களின் முதலிரு தொகுதிகளை வெளியிட்டு, அவற்றின் மூலங்களை மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு அளித்தார். பின்னர் அவை இருக்குமிடம் தெரியாது போயின. 1865இல் ஹேர்மன் மெரிவேல் என்பார் கடிதங்களின் உண்மைத்தன்மையையே ஐயுற்றார். மற்றொரு தொகுதியின் மூலங்கள் விரைவில் கிடைத்தமையால் அவ்வையம் தளர்ந்தது; மன்னருக்களித்த மூலங்களோ 1889இலேயே வெளிப்பட்டன. நூறாண்டுகள் அச்சுப்படியே அவற்றுக்குச் சான்றாக நின்றது.

எண்ணிமப்படியும் அழிவற்றதன்று. 2023 ஒக்ரோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினி அமைப்பு தாக்கப்பட்டபோது, அதன் எண்ணிமச் சுவடிகள் பல மாதங்கள் வாசகருக்கு எட்டாது போயின. மூலங்கள் பேணப்பட்டிருந்தமையால் அவை இழப்பாகவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோதோ மூலமும் படியும் ஒருங்கே இல்லாத ஏடுகள் மீளாது மறைந்தன. ஒன்று அழியின் மற்றொன்று நிற்கவேண்டும் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் தரும் பாடம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவுக்குச் சென்று புகையிரதத் திணைக்களத்திலும் அரச அலுவலகங்களிலும் பணிபுரிந்தனர். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களுள் போரையும் இடப்பெயர்வையும் கடந்து எஞ்சியவை இன்னும் சில வீடுகளில் இருத்தல் கூடும். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் அச்சேறியவற்றைப் பேணும் வழியைக் காட்டியுள்ளது. அச்சேறாத கடிதங்களைத் தேடி, உரியவர் இசைவுடன் படியெடுத்து, மூலத்தையும் பேணச்செய்தல் வரலாறு பயிலும் நம் தலைமுறையின் கடனாகும்.