பட்டியலில் பேசாத விருப்பம்: முதுநிலை மருத்துவக் கலந்தாய்வும் கொங்கு மண்டலமும்

‘உங்களிடம்தான் படிக்க விரும்புகிறேன்’ என்று ஒரு மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவிக்க அமெரிக்காவில் முறையான வழி இருக்கிறது. காது-மூக்கு-தொண்டைத் துறை 2020-21 சேர்க்கையில் அதைத் தொடங்கியது. விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்ததால், யார் உண்மையில் வருவார் என்பது பயிற்சி நிறுவனங்களுக்குப் புரியவில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் எண்ணிச் சில ‘சிக்னல்’கள் தரப்பட்டன. நமக்கும் அது வேண்டுமா? வேண்டாம் என்பதே என் வாதம். நம் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

இங்கே எல்லாம் முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பிஜியின் தரவரிசைதான். கோவை அரசு மருத்துவக் கல்லூரியோ, பி.எஸ்.ஜி.யோ, முதுநிலைப் பட்டத்துக்கு இணையான டி.என்.பி. பயிற்சி தரும் கங்கா மருத்துவமனையோ, வரப்போகிறவரை நேர்முகத்தில் பார்ப்பதில்லை. எலும்பு அறுவை சிகிச்சையைக் கங்காவில்தான் கற்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவரும், போகிற போக்கில் அதை விருப்பப் பட்டியலில் சேர்த்தவரும் கலந்தாய்வுக் கணினிக்கு ஒன்றே. தரவரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து, அவர் பட்டியலில் மீதமிருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும் இந்த முறை ஒரே சுற்றோடு முடியுமானால், மனத்தில் உள்ளதை வரிசை மாறாமல் எழுதுவதே எவருக்கும் லாபம். பொய் எழுதி யாரும் எதையும் கூடுதலாகப் பெற முடியாது.

ஆனால் சுற்று ஒன்றல்ல. பொள்ளாச்சியைச் சேர்ந்த ஒருவர் ரேடியாலஜி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவை ரேடியாலஜிக்கு அடுத்து எதை எழுதுவது? மதுரை ரேடியாலஜியா, கோவை பொது மருத்துவமா? துறையா, ஊரா என்ற இந்தக் கேள்விக்கு வீட்டில் ஆளுக்கொரு பதில் இருக்கும். இதோடு சுற்றுகளின் விதியும் சேர்கிறது. இரண்டாம் சுற்றில் ஒதுக்கீடு கிடைத்தும் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும்; நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அது 2 லட்சம் ரூபாய். ஆகவே அடுத்த சுற்றில் நல்லது வரும் என்று நம்புகிறவர், பட்டியலின் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுகிறார். அகில இந்திய ஒதுக்கீட்டில் இடம் பிடித்தவர் மாநிலக் கலந்தாய்வில் வேறு இடம் கிடைத்ததும் விலக, அந்த நல்ல இடம் பின்சுற்றில் தரவரிசையில் பின்தங்கியவருக்குப் போகிறது. விருப்பப் பட்டியல் இப்படித்தான் சூதாட்டச் சீட்டாக மாறுகிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த ‘சீட் பிளாக்கிங்’கைக் கண்டித்து, இரு கலந்தாய்வுகளின் சுற்றுகளையும் ஒரே கால அட்டவணைக்குள் கொண்டுவரச் சொன்னது.

ஊர்ப்பற்றைத் தனித் தகுதியாகக் கொள்ளவும் இனி வழியில்லை. முதுநிலை இடங்களில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. எஞ்சியிருக்கும் ஒரே கனமான சைகை, அரசுப் பணி. பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என 2020 ஆகஸ்டில் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. தொலைதூர, கடினப் பகுதிகளில் பணியாற்றிய ஆண்டுகளுக்கு அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் தரவும் விதியில் இடமுண்டு. மலைக்கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஆண்டு இருந்தவரின் விருப்பத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அமெரிக்க சிக்னலுக்கு அந்த விலை கிடையாது.

அதை இங்கே இறக்குமதி செய்தால் நேர்முகமும் வரும். நேர்முகத்தோடு சிபாரிசும் வரும், பணமும் வரும். அதைவிட, அகில இந்திய, மாநில ஒதுக்கீடுகள் இரண்டையும் ஒரே பட்டியலில் நிரப்ப அனுமதிப்பதே முதல் தேவை. தெரிந்து தேர்ந்தெடுக்கத் தகவலும் வேண்டும். உதவித்தொகை எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பணி, ஒரு மாணவர் தன் கையால் செய்யும் அறுவை சிகிச்சைகள் எத்தனை என்பதை வெளியிடக் கோவையின் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் எந்த நீதிமன்ற உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.