விண்டோஸ் 98-க்கு ஒரு பென் டிரைவ்

சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்று வெளிவரும். அதற்கு முந்தைய வாரங்களில் ஊரில் யாருக்கும் தூக்கம் இருக்காது. 2004-இல் அப்படியொரு ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு டிடிபி சென்டரிலிருந்து எனக்குப் போன் வந்தது. அந்நாளில் டிடிபி சென்டர்களுக்கு கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு.

“தம்பி, ஒம்பது பிளாப்பி போட்டாச்சு. ஏழாவது படிக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?”

அந்த அண்ணாச்சி தினசரி காலண்டர் தாளுக்கான விஷயங்களை அடித்துக் கொடுப்பவர். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், ராசிபலன் என்று 365 நாளும் பேஜ்மேக்கரில் ஏறும். அந்தக் கோப்பு நான்கு தெரு தள்ளியிருந்த பிராசசிங் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். கோப்பு ஒரே பிளாப்பியில் அடங்காததால் வின்ஜிப்பில் துண்டு துண்டாக வெட்டி ஒன்பது பிளாப்பியில் ஏற்றியிருந்தார். பிரிக்கும்போது வின்ஜிப் முதலில் கடைசி பிளாப்பியைக் கேட்கும். பிறகு ஒன்றிலிருந்து வரிசையாகக் கேட்கும். நடுவில் ஒன்று கெட்டிருந்தாலும் மொத்த வேலையும் போச்சு.

மூன்றரை அங்குல பிளாப்பியின் கணக்கு எங்களுக்கு மனப்பாடம். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இதைத்தான் 1.44 எம்பி என்பார்கள். சிவகாசியின் தூசியும் வெயிலும் அந்தக் காந்தத் தட்டுக்கு ஆகவே ஆகாது.

அண்ணாச்சி மேசை டிராயரைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினார். 128 எம்பி. மதுரையிலிருந்து மருமகன் வாங்கிவந்தது. “இதுல மொத்தமும் அடங்கிருமாமே. நம்ம சிஸ்டம் இத எடுத்துக்க மாட்டேங்குது” என்றார். டார்ச்சோடு மேசைக்கு அடியில் குனிந்து, சிபியூவின் பின்பக்கத்தில் இருந்த இரண்டு யூஎஸ்பி துளைகளில் ஒன்றில் செருகினேன். பென் டிரைவின் விளக்கு எரிந்தது. திரையில் புதிய கருவி வந்திருப்பதாக ஒரு சிறு பெட்டி திறந்து, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கேட்டது. கூட வந்த சின்ன சிடியில் விண்டோஸ் 98-க்கு எதுவும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறி நின்றுகொண்டது.

அந்த மஞ்சள் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. எனக்கு அது முழுதாகப் புரிய ஒரு வருஷம் பிடித்தது.

யூஎஸ்பி என்ற பொது இணைப்பின் முதல் விதித்தொகுப்பு 1996 ஜனவரியில் வந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இன்டெல் நிறுவனத்தில் இருந்த அஜய் பட், வடோதராவில் படித்தவர். அதுவரை பிரிண்டருக்கு ஒரு போர்ட், மவுஸுக்கு ஒன்று, மோடத்துக்கு வேறொன்று. இதையெல்லாம் ஒரே துளைக்குள் கொண்டுவருவதுதான் நோக்கம். 1998 ஜூனில் வந்த விண்டோஸ் 98 யூஎஸ்பியை முறையாக ஏற்றுக்கொண்டது. யூஎஸ்பி மவுஸைச் செருகினால் உடனே ஓடும். அதன் திருத்திய பதிப்பான செகண்ட் எடிஷன் 1999-இல் வெளியானது.

மவுஸ் ஓடுகிறது, பென் டிரைவ் ஏன் ஓடவில்லை? செருகியதும் ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறது. ஒன்று, ‘நான் இன்ன கம்பெனி, இன்ன மாடல்’. இன்னொன்று, ‘நான் இன்ன வகை’. வகை 03 என்றால் மவுஸ், கீபோர்டு போன்றவை. 08 என்றால் சேமிப்புக் கருவி. பென் டிரைவ் பெரும்பாலும் 08, 06, 50 என்று மூன்று எண்களைச் சொல்லும். முதலாவது அதன் வகை, அடுத்தது அது புரிந்துகொள்ளும் கட்டளைகள், கடைசி அது தகவலை அனுப்பும் முறை. அந்தக் கடைசி எண்ணுக்குரிய விதித்தொகுப்பு முடிவானதே 1999-இல்தான். அதற்குள் செகண்ட் எடிஷன் சந்தைக்கு வந்துவிட்டது. 03-ஐ அறிந்த விண்டோஸ் 98-க்கு 08-ஐக் கவனித்துக்கொள்ளும் டிரைவர் உள்ளே இல்லை.

பென் டிரைவும் அப்போது பிறக்கவில்லை. உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியவர் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா, 1980-களில். அதை யூஎஸ்பியோடு சேர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது 2000-இல்தான். சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் தம்ப்டிரைவ் என்ற பெயரில் விற்றது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்ததை ஐபிஎம் விற்றது. அந்த ஐபிஎம் டிரைவில் 8 எம்பி அடங்கும். அதாவது ஐந்து பிளாப்பிக்கு மேல். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 2000-மும் விண்டோஸ் எம்இ-யும் 08-ஐ அறிந்தவை. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு கம்பெனியும் தன் மாடலுக்கென்று தனி டிரைவர் கொடுத்தது. ஒரே மாதிரிப் பூட்டுக்கு வீட்டுக்கு வீடு வேறு சாவி என்பது போல.

அன்று ராத்திரி என் சிடி பையில் வேறொரு கம்பெனி பென் டிரைவுக்கான 98 டிரைவர் இருந்தது. எந்தக் கருவிக்கு அந்த டிரைவர் என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். ‘விஐடி’ என்று நான்கு இலக்கம், ‘பிஐடி’ என்று நான்கு இலக்கம்: கம்பெனி எண், மாடல் எண். கதவை மூடிவைத்திருந்தது அந்த எட்டு இலக்கம்தான். அண்ணாச்சியின் பென் டிரைவ் சொன்ன எண்கள் ரிஜிஸ்ட்ரியில் ‘Enum’ கிளைக்குள் யூஎஸ்பி என்ற இடத்தில் பதிவாகியிருந்தன. அவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, ஐஎன்எஃப்பில் இருந்த எண்களுக்குப் பதிலாக அடித்துச் சேமித்தேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறியை நீக்கிவிட்டு, சிஸ்டத்தை மறுபடி ஓடவிட்டுச் செருகினேன். டிரைவர் எங்கே என்று கேட்டதும் இந்தக் கோப்புறையைக் காட்டினேன். மை கம்ப்யூட்டரில் புதிதாக ஓர் எழுத்து வந்து நின்றது. அண்ணாச்சி எழுந்து நின்றே பார்த்தார். கோப்பு முழுவதும் ஒரு நிமிஷத்துக்குள் ஏறியது. பிராசசிங் கடைக்கு அவரே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த முறை எல்லா டிரைவுக்கும் பலிக்கவில்லை. நிரந்தரத் தீர்வு பின்னால் வந்தது. விண்டோஸ் எம்இ-யும் 98-இன் வழிவந்ததுதான், உள்ளமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். எம்இ-யில் இருந்த யூஎஸ்பி கோப்புகளை எடுத்து 98 செகண்ட் எடிஷனில் பொருத்தும் தொகுப்பு ஒன்றை, புனைபெயரில் இயங்கிய ஓர் ஆர்வலர் உருவாக்கினார். நேட்டிவ் யூஎஸ்பி என்று பெயர். பழைய பென் டிரைவ் டிரைவர்களையும் பெயர் தெரியாத கருவிகளையும் ஒன்றுவிடாமல் நீக்கிவிட்டு, மறுபடி ஓடவிட்டு, இதை நிறுவ வேண்டும். அதன்பின் எந்தக் கம்பெனி டிரைவ் ஆனாலும் சரி, 08 என்று சொன்னால் போதும், கதவு திறக்கும். 2006 ஜூலை 11-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 98-ஐக் கைவிட்ட பிறகும், நான் போன கடைகளில் அந்தப் பெட்டிகள் வருஷக்கணக்காக ஓடியதற்கு இந்தத் தொகுப்பும் ஒரு காரணம்.

‘புது சிஸ்டம் வாங்கவேண்டியதுதானே’ என்று கேட்டவர்கள் உண்டு. காசு மட்டும் அல்ல பிரச்சினை. தமிழ் எழுத்துருக்களும் அன்று அதே நிலையில்தான் இருந்தன. ஒவ்வொரு மென்பொருள் கம்பெனியும் ‘அ’வுக்கு ஓர் இடம், ‘கு’வுக்கு ஓர் இடம் என்று தன் விருப்பப்படி வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளை வகுத்தது. ஆனால் கடைகளில் பழைய எழுத்துருக்கள் நீடித்தன. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தாலும் பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. எழுத்துருவுக்கான பூட்டு, பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிளாக இருந்தது. புதுப் பெட்டிக்குப் போனால் இத்தனை வருஷம் அடித்துச் சேர்த்த பஞ்சாங்கம் எல்லாம் என்ன ஆகும்? அண்ணாச்சியின் பயம் நியாயமானது.

போன வருஷம் அவர் மகன் என்னைக் கூப்பிட்டார். அப்பா காலமாகிவிட்டார். பரணில் அந்தப் பெட்டி இருக்கிறது, உள்ளே இருப்பதை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். தூசி தட்டி, சிமாஸ் பேட்டரி மாற்றி மின்சாரம் கொடுத்தேன். விண்டோஸ் 98 எழுந்தது. அதே 128 எம்பி பென் டிரைவைச் செருகினேன். கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொண்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் அடித்து வைத்த ராசிபலன் அத்தனையும் இறங்கியது.

புது லேப்டாப்பும் அந்த டிரைவை உடனே அறிந்தது. கோப்பில் இருந்த எழுத்தை எடுத்துத் திரையில் போட்டால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தது, தமிழே இல்லை. பென் டிரைவுக்குப் பொது மொழி கிடைத்துவிட்டது. உள்ளே இருந்த தமிழுக்குக் கிடைக்கவில்லை. அந்த எழுத்துருவின் கம்பெனி இன்று இல்லை. எனக்குத் தெரிந்த எழுத்துரு மாற்றி எதிலும் அதன் பட்டியல் இல்லை.

பழைய பெட்டியின் திரையையும் புதிய லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினோம். ‘ணை’யும் ‘னை’யும் ஆளைக் குழப்பின. கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாக நின்றது. இரண்டு சாயங்காலம் ஆயிற்று. பட்டியல் முடிந்ததும் முதல் வரி யூனிகோடில் தமிழாக வந்தது: அப்பா அடித்த தை முதல் தேதியின் நல்ல நேரம். மகன் அதைச் சத்தமாக வாசித்தார். அந்தப் பட்டியலை நான் யாருக்கும் பூட்டி வைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவருகிறேன்.