யாருடைய தேவைக்கு எந்தத் தொழில்?

பள்ளியில் சொல்லித்தரும் தொழிலும் வெளியே கிடைக்கும் வேலையும் பொருந்த வேண்டும் என்று இன்று எல்லாரும் பேசுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டின் வேலைச்சந்தை சாதி கலக்காத இடமாக ஒருநாளும் இருந்ததில்லை. மலம் அள்ளுவதற்கும் இங்கே ஆள் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு யார் வீட்டுப் பிள்ளையைப் பொருத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்ற சில மாதங்களில், 1942 அக்டோபரில், அண்ணல் அம்பேத்கர் லின்லித்கோவிடம் ஒரு கோரிக்கை மனுவைக் கொடுத்தார். கலைப் பட்டமும் சட்டப் பட்டமும் மட்டும் நம் மக்களைக் கரைசேர்க்காது, அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகை வேண்டும் என்றார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களைப் பயிலுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். போர்க்காலம் அது, தொழிற்சாலைகளுக்குக் கைத்திறன் உள்ளவர்கள் தேவைப்பட்டார்கள். சந்தை எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பணிமனையில் பிட்டராக இருப்பவன் மிராசுதார் களத்தில் நெல்லுக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1953இல், சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்ததும் தொழில் பழகும் கல்விதான். கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழில். பள்ளிகள் போதவில்லை, இரண்டு முறை வைத்தால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்று காரணம் சொன்னார்கள். பள்ளிகள் போதாதது உண்மைதான். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தவர்கள் பெரும்பாலும் குயவர் மகன், வண்ணார் மகன், நாவிதர் மகன் என்றே பேசினார்கள். பண்ணையாளின் மகனுக்கு எது தொழில்? சேற்றில் இறங்குவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, சாவுக்குப் பறையடிப்பது. பள்ளி விட்டபின் அவனுக்கு வாத்தியார் பண்ணையார்தான். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு 1978இல் மேல்நிலைப் பள்ளிகள் வந்தன, கூடவே தொழிற்பிரிவும் வந்தது. மதிப்பெண் குறைந்தவர்களுக்கான இடம் என்று அதற்குச் சீக்கிரமே பெயர் விழுந்துவிட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கையோ, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாட்கள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பழகச் சொல்கிறது. ஊரில் எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பட்டறை வாசலுக்குள் நுழைய முடியும் என்பது கொள்கை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

நம் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்று பிரிவு உண்டு. ஒவ்வொரு தொழிற்சாலையும் அந்த இடங்களில் எத்தனை பேரை எடுத்தது, எந்த எந்திரத்தில் நிறுத்தியது, பயிற்சி முடிந்தபின் எத்தனை பேரை வேலையில் வைத்துக்கொண்டது என்ற கணக்கை மாவட்டம் மாவட்டமாக நாம் கேட்டு வாங்க வேண்டும்.