மழைமானியும் பதாகையும்

பள்ளிப் பிள்ளைகள் இணையத்தைக் கொண்டு சூழலுக்காக என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு உலகம் இதுவரை தந்த பதில்களில் இரண்டு பெரியவை. ஒன்று குளோப் திட்டம், மற்றது ஃபிரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இயக்கம். முதலாவதை நம் ஊரில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. இரண்டாவதன் பெயர் தெரியாதவர்களுக்கும் கிரேட்டா துன்பர்க்கைத் தெரியும்.

1994 புவி நாளன்று அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் குளோப் திட்டத்தை அறிவித்தார். மறு ஆண்டு வேலை தொடங்கியது. இணையம் என்பது பல வீடுகளில் இன்னும் பேச்சில்கூட அடிபடாத காலம் அது. பள்ளி வளாகத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்றை நட்டு, அதற்குள் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வெப்பமானியைப் பொருத்துவார்கள். உச்சிப்பொழுதை ஒட்டிய நேரத்தில் மாணவர்கள் கடந்த இருபத்துநான்கு மணி நேரத்தின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் குறிப்பார்கள். மழையளவு, மேகத்தின் வகை, மண்ணின் ஈரம், மரத்தின் உயரம் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் எழுதிவைத்த முறை உண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்டு. குறித்த எண்களை இணையத்தில் ஏற்றினால், நாசா விஞ்ஞானியும் எங்கோ இருக்கும் இன்னொரு பள்ளியும் அவற்றை எடுத்தாளலாம். இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. மாணவர் பார்த்த மேகத்தைச் செயற்கைக்கோள் பார்த்த மேகத்தோடு ஒப்பிட்டு நாசா பதில் அனுப்புவதும் உண்டு.

2018 ஆகஸ்ட் 20 அன்று ஸ்டாக்ஹோமில் நாடாளுமன்றத்துக்கு வெளியே பதினைந்து வயது கிரேட்டா ஒரு பதாகையோடு உட்கார்ந்தாள். அவளிடம் வெப்பமானி இல்லை, பொறுப்பாசிரியர் இல்லை. படத்தை இன்ஸ்டாகிராமிலும் ட்விட்டரிலும் போட்டாள். அதிலிருந்தே ஃபிரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் வளர்ந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 15 அன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் பத்து லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். குளோப்பில் பள்ளிக்கு வந்தால்தான் வேலை நடக்கும். இங்கே பள்ளிக்குப் போகாததே வேலை. இணையத்தின் இடமும் தலைகீழ். குளோப் மாணவருக்கு அது வெயிலில் நின்று அளந்தபின் வரும் கடைசி ஐந்து நிமிடம். ஃபிரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் மாணவருக்கு எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது, தெரு பிறகுதான் வருகிறது. கொரோனா வந்து தெருவும் மூடியபோது, பதாகையோடு படமெடுத்துப் பதிவிடுவதே போராட்டமாயிற்று.

இந்தியாவில் இந்த இரண்டாவது வழி எவ்வளவு தூரம் போகும் என்பதை 2020 காட்டியது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் புதிய வரைவு அந்த மார்ச்சில் வந்தது. மக்கள் கருத்துச் சொல்லும் காலத்தை முப்பது நாளிலிருந்து இருபதாகக் குறைக்கவும், அனுமதியில்லாமல் தொடங்கிவிட்ட திட்டங்களுக்குப் பின்னால் அனுமதி தரவும் அது வழிசெய்தது. மாணவர்களும் இளைஞர்களும் நடத்திய ஃபிரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியா தளத்திலிருந்து சுற்றுச்சூழல் அமைச்சருக்கு மின்னஞ்சல்கள் குவிந்தன. ஜூலையில் தளம் முடக்கப்பட்டது. டெல்லி காவல்துறையின் அறிவிக்கை பயங்கரவாதத் தடுப்புக்கான உபா சட்டத்தையே சுட்டியிருந்தது. பிறகு அது தவறுதலாக அனுப்பப்பட்டது என்று சொல்லித் திரும்பப் பெற்றார்கள். மழையளவைப் பதிவேற்றிய குற்றத்துக்காக எந்தப் பள்ளிக்கும் இப்படி ஓர் அறிவிக்கை போகாது. அதிகாரத்துக்கு எது உறைக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் அந்த மின்னஞ்சல் அலையில் யார் இருந்தார்கள்? வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியாகியிருந்தது. மற்ற மொழிகளில் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்குப் பாடமே கல்வித் தொலைக்காட்சி வழியாகத்தான் வந்தது. கைப்பேசியும் ஆங்கிலமும் உள்ள வீட்டுப் பிள்ளைதான் மின்னஞ்சல் அனுப்பியிருக்கும். மழைமானிக்கு இரண்டுமே தேவையில்லை. பார்த்ததை நோட்டில் எழுதிவைத்து, இணையம் கிடைக்கும் நாளில் ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. 2019 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட கிரேட்டா, தன் சாட்சியமாக, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி புவி வெப்பமாதல் பற்றி வெளியிட்ட 1.5 டிகிரி அறிக்கையை வைத்தாள். என்னை அல்ல, விஞ்ஞானிகளைக் கேளுங்கள் என்பதே அவள் நிலை. நேர்மையான நிலைதான். ஆனால் உலகச் சராசரியை ஊராட்சித் தலைவரிடம் காட்டினால் என்ன நடக்கும்? அவருக்கு வேண்டியது தன் ஊர் ஏரியின் கணக்கு. குளோப் பள்ளியிடம் அந்தக் கணக்கு இருக்கும். அதை வைத்து யாரையும் எதுவும் கேட்கும்படி அந்தத் திட்டம் சொல்வதில்லை. எண்ணைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு மாணவர் ஒதுங்கிக்கொள்கிறார். எனக்கு இது பாதி வேலையாகவே படுகிறது. ஆனாலும் பள்ளி என்ற இடத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் மழைமானியைத்தான் சொல்வேன். எண் கையில் இருப்பவர் நாளைக்குக் கேள்வி கேட்கலாம். அது இல்லாமல் கேட்பவர், எதிரில் இருப்பவர் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்துவிட்டதும் நின்றுவிட நேரும்.

பள்ளிகளின் சூழல் மன்றமான தேசிய பசுமைப் படையை நடத்தும் ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்து பார்க்கலாம். மரக்கன்று நடும் விழாவின் புகைப்படத்தை ஏற்றுவதோடு நிற்காமல், ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தையும் மழையளவையும் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகளுக்கு எழுதவைத்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள். அதன் அச்சுப் பிரதியோடு ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.